கடைசியாகக் கேட்ட தேதி

ஆறு மணிக்கே வந்துவிட்டேன். இருபது நிமிஷமாக இந்த மருத மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கும்போதே உள்ளே ஏதோ ஒன்று திருத்துகிறது: நின்றுகொண்டிருக்கிறாய் உலகம்மை, அது மட்டும்தான் உறுதி. தண்ணீர் கேட்கிறது. ஏப்ரல் மாதத்து ஆறு, பாறைகளுக்கு நடுவே நாலைந்து வாய்க்காலாகப் பிரிந்து, அவசரமில்லாமல் பேசிக்கொண்டு போகிறது. காகம் கேட்கிறது. கிளிக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டு அம்பாசமுத்திரம் பக்கமிருந்து அக்கரைக்குப் போனது, அதுவும் கேட்டது. பாலத்தில் ஏறும்போது பஸ் கியர் மாற்றுவது கேட்கிறது. படித்துறையில் ஒரு பெண் போர்வை துவைக்கிறாள், கல்லில் ஒவ்வோர் அடிக்கும் அவள் கை மேலே போய் இறங்குகிறது, அதுவும் கேட்கிறது. எல்லாம் கேட்கிறது. வேண்டியது ஒன்றுதான் கேட்கவில்லை. பச்சைக் கதிர்க்குருவி. கட்டைவிரல் நீளம், மருத இலையின் நிறம், எட்டு கிராம் எடை. செப்டம்பர் கடைசியில் இமயமலைக்கும் அதற்கு அப்பாலும் இருந்து வந்து இந்த மரத்தில் இறங்கும், ஏப்ரல் கடைசியில் திரும்பிப் போகும். இருக்கிற ஏழு மாதமும் ஒரே கூப்பாடு. இரண்டு சொட்டு ஊசிச் சத்தம், அடுத்தடுத்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை. எங்கள் பறவை பார்க்கும் குழுவில் யாரும் அதைக் கண்ணால் தேடுவதில்லை. உச்சிக் கிளையில் இலையோடு இலையாகத் திரிகிற ஒன்றைக் கழுத்து வலிக்கத் தேடுவானேன், அதுதான் நான் இங்கே இருக்கிறேன் என்று நிமிஷத்துக்கு இரண்டு தடவை சொல்கிறதே. பதினாலு வருஷமாக என் நோட்டில் அது காதால்தான் ஏறியிருக்கிறது. இந்த வருஷமும் காதால்தான் இறங்கியது. மார்ச் எட்டாம் தேதி கேட்டேன். ஒன்பதாம் தேதி கேட்கவில்லை. பத்தாம் தேதி கேட்கவில்லை. இன்றைக்கு ஏப்ரல் பத்தொன்பது.

ஒரு பறவை வந்த நாளை எழுதுவது சுலபம். வந்ததும் கேட்கும், மனசு குதிக்கும், தேதி போட்டுவிடலாம். போன நாளை அப்படி எழுத முடியாது. கடைசியாகக் கேட்கிற அன்றைக்கு அது கடைசி என்று யாருக்குத் தெரியும். மறுநாள் வந்து நிற்க வேண்டும், அதற்கு மறுநாளும் நிற்க வேண்டும், ஒரு வாரம் பத்து நாள் ஒன்றுமே இல்லாமல் நின்ற பிறகு வீட்டுக்குப் போய் நோட்டைப் பின்னால் புரட்டி, அன்றைக்கே முடிந்துவிட்டிருக்கிறது என்று ஒரு தேதிக்கு வட்டம் போட வேண்டும். அப்படித்தான் மார்ச் எட்டுக்கு வட்டம் போட்டேன். போட்டுவிட்டு செய்யது அலிக்கு எழுதி அனுப்பினேன். செய்யது அலி திருநெல்வேலியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், மாவட்டத்துப் பறவைக் கணக்கெல்லாம் அவனிடம்தான் போய்ச் சேரும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எட்டுப் பக்கத்தில் ஒரு செய்திமடல் அச்சடித்துக் கொடுப்பான். வெள்ளிக்கிழமை அவன் கூப்பிட்டபோது குரலே வேறு மாதிரி இருந்தது. "அக்கா, ஒங்க பதினாலு வருசத்தையும் கோடு போட்டுப் பாத்தேன். மொதப் பத்து வருசம் ஏப்ரல் பத்தொம்பதுக்கும் இருபத்தஞ்சுக்கும் நடுவுலயே நிக்கி. அப்புறம் பதினேழு. அதுக்கடுத்த வருசம் பன்னெண்டு. போன வருசம் மூணு. இந்த வருசம் மார்ச் எட்டு. சறுக்கு மரம் மாதிரி எறங்குதுக்கா. சூடு தாங்காம முன்னாலயே கெளம்புது. யாருகிட்டயும் இப்படி ஒரு கணக்கு கெடையாது. நடுப்பக்கம் முழுக்க இதான். ஒங்க போட்டோவும் போடுதேன்." ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அச்சுக்கு அனுப்பிவிடுவேன் என்றான். இன்றைக்குத்தான் ஞாயிறு. நான் என்ன சொன்னேன்? நல்ல போட்டோவாகப் போடு என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். போனை வைத்ததும் அடுப்படியில் போய் நின்றேன், எதற்குப் போனேன் என்று தெரியவில்லை, சிங்க் குழாயைத் திறந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் அந்தக் காய்ச்சல். எனக்கு. பெரிதாக ஒன்றுமில்லை, நூறு, நூற்றொன்று. டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது, இது ஏன் இன்னும் கத்தவில்லை, பேட்டரி போய்விட்டதா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஏய் உலகு, அது கத்தி ஓஞ்சு எவ்ளோ நேரமாச்சு, எடுத்துப் பாக்கலாம்லா" என்றார். நான் எடுத்துப் பார்த்தேன். நூறு புள்ளி நாலு. மனசு நம்பரில் நிற்கவில்லை, அது கத்தியது அவருக்குக் கேட்டிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அவர் மறுபடி பேப்பரில் போய்விட்டார், பிரமநாயகம் என்கிற மனுஷர் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தார். அவர் குளிக்கப் போனதும் தெர்மாமீட்டரின் நுனியை விரலால் பொத்திக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றேன். காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். சின்னத் திரையில் எண் ஏறி நின்றது, நின்றதும் அது கத்தியிருக்க வேண்டும். காதுக்குள் ஒரு கூச்சம் மாதிரி இருந்தது, சத்தம் இல்லை, சத்தம் இருக்க வேண்டிய இடம் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு வந்த மருமகள் கொலுசு போட்டிருந்தாள், சத்தமில்லாத கொலுசு இப்போது வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். இந்த வருஷம் சில்வண்டே இல்லையே, மழை சரியில்லை என்று நானாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உலகத்தில் ஒவ்வொரு சத்தமாக நின்றுகொண்டு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டு நான் சுகமாக இருந்திருக்கிறேன்.

காதால் சாப்பிட்டவள் நான். இருபத்திரண்டு வயசில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. வெளியூருக்கு ட்ரங்கால் போட்டுவிட்டு ஊரே காத்திருந்த காலம். லைனில் இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ ஒரு ஆள் அலோ என்பான், பக்கத்து சீட்டில் இருப்பவளுக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்கும், எனக்கு ஆள் கேட்கும். உலகம்மை, கொஞ்சம் இதைக் கேளேன் என்று என்னிடம் ஹெட்போனை நீட்டுவார்கள். மூச்சு வாங்குகிற விதத்தை வைத்து இது சாவுச் செய்தி, இது குழந்தை பிறந்த செய்தி என்று பேசுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் பிற்பாடு பறவை பார்க்கப் போனேன். முதல் நாளே குழுவில் எல்லோரும் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு திணறும்போது நான், அந்த இடத்தில் ஒன்று, இந்த இடத்தில் வேறு ஒன்று என்று கை காட்டினேன், அதிலிருந்து என் நோட்டுக்கு ஒரு மதிப்பு. உலகம்மை கேட்டேன் என்றால் கேட்டதுதான். அப்படியிருக்க இப்போது. எங்கள் பெரியம்மா ஒருத்திக்கு ஐம்பத்தைந்து வயசிலேயே காது போய்விட்டது. கல்யாண வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவள் ஒரு தடவை சிரிப்பாள். பெண்கள் கூடி உட்கார்ந்து பேசும்போது அவள் முகம் இந்த வாயிலிருந்து அந்த வாய்க்கு, அந்த வாயிலிருந்து இந்த வாய்க்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் யாரும் அவளைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார்கள், அவளைப் பற்றி அவள் முன்னாலேயே பேச ஆரம்பித்தார்கள். நானும் பேசியிருக்கிறேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு. இதை நினைக்கக் கூடாது. இதை நினைக்கத் தொடங்கினால் காதில் விழுகிறதும் விழாமல் போகும்.

நிஜமாகவே போயிருக்கலாம் இல்லையா. மார்ச்சில் என்ன வெயில், சிமென்ட் தரையில் கால் வைக்க முடியவில்லை. எட்டு கிராம் உயிர் எத்தனை நாளைக்குத் தாங்கும், முன்னாலேயே கிளம்பிப் போயிருக்கலாம். தெர்மாமீட்டர் வேறு, குருவி வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று ஆகிவிடுமா. செய்யது அலி படித்தவன், கணக்குப் பார்க்கத் தெரிந்தவன், அவன் சூடு என்கிறான், அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோடு. அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த அந்தக் கோட்டை இரண்டு நாளாக எத்தனை தடவை பார்த்தேன். பத்து வருஷம் நேராகப் போய், அப்புறம் மெல்ல இறங்கி, அப்புறம் தொபுக்கென்று விழுகிற கோடு. பறவைகள் அப்படிப் போகுமா. ஒரு வருஷம் முன்னே, ஒரு வருஷம் பின்னே என்று ஏறி இறங்கித்தானே எதுவும் நடக்கும். இது ஒரே சீராக இறங்குகிறது. வயசில் உடம்பு இறங்குகிற மாதிரி. நேற்று மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அது பட்டென்று விளங்கியது, விளங்கியதும் கஞ்சி கையில் கொட்டியது: அந்தக் கோடு பறவையுடையது இல்லை. என்னுடையது. நான்கு வருஷமாக என் காது என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிற கோட்டை, தேதி தவறாமல், நேரம் தவறாமல், நானே நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். குளிர்காலத்தில் தாழ்ந்த கிளைக்கு வந்து கத்தியதால் இன்னும் கேட்டிருக்கிறது; வெயில் ஏறி உச்சிக்குப் போனதும், ஏப்ரல் மாதம் தூரத்துக் கிளையில் கத்தியது முதலில் போயிருக்கிறது, அப்புறம் பக்கத்துக் கிளை, அப்புறம் தலைக்கு மேலே. அது எங்கேயும் போகவில்லை. நான்தான் சீக்கிரம் சீக்கிரமாகக் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை அச்சடித்து, என் போட்டோவும் போட்டு, நானூறு பேருக்கு அனுப்பப் போகிறான். யாராவது அதைப் படித்து இன்னொரு இடத்தில் எழுதுவார்கள், அதைப் பார்த்து இன்னொருவர். பறவைக்கு வாய் இருக்கிறது, ஆனால் நான் இங்கேதான் இருந்தேன் என்று அது யாரிடம் போய்ச் சொல்லும். சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும். அதுதானே விஷயமே. இல்லை, இதெல்லாம் நானாகக் கட்டிக்கொள்கிற கதை, நேற்றிரவு தூக்கம் கெட்டதால் வருகிற யோசனை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஒரு காலை நேரம், இரண்டு மணி நேரம், காதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவள் மாதிரி கண்ணால் மட்டும் தேடு. ஒன்றும் இல்லாவிட்டால் பறவை போனது போனதுதான், என் தேதி நிற்கும், போட்டோ வரட்டும். எதைக் காண வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மரம் வெறுமையாக இருந்தால் என் காது நல்லது. மரத்தில் குருவி இருந்தால் என் காது போச்சு.

கழுத்து வலிக்கிறது. பைனாகுலர் கண்ணில் அழுந்தி அழுந்தி வியர்க்கிறது. ஒரு தையல்சிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு. அது இல்லை. வெள்ளைக்கண்ணிகள் நாலைந்து கூட்டமாக வந்து பூவைக் கிண்டிவிட்டுப் போயின, அவை இல்லை. அணில். இலை. காற்றில் ஆடுகிற இலை, ஆடாத இலை. காற்றே இல்லாதபோது ஆடுகிற இலை ஒன்று. அதிலேயே நில், அதிலேயே நில். இலைக்குப் பின்னால் ஏதோ தாண்டியது. கிளை நுனிக்கு வந்தது. மஞ்சள் கலந்த பச்சை, வயிறு வெளுப்பு, கண்ணுக்கு மேலே வெளிறின புருவம், சிறகில் மெல்லிசாக ஒரே ஒரு கோடு, வெள்ளை நூலை ஒட்டி வைத்தது போல. பதினாலு வருஷத்தில் இவ்வளவு நேரம் இதைப் பார்த்ததே இல்லை. என்ன சின்னக் கால். புழுவை எடுத்துக் கிளையில் இரண்டு பக்கமும் தேய்த்து விழுங்கியது. அப்புறம் தலையைத் தூக்கியது, தொண்டை நடுங்கியது, அலகு இரண்டு தடவை திறந்து மூடியது. ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் சத்தம். போர்வை அடிக்கிற சத்தம். மறுபடி தலையைத் தூக்கி, தொண்டை நடுங்கி, இரண்டு தடவை. ஒன்றும் இல்லை. ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் யாரோ பேசுவதைத் தெருவில் நின்று பார்ப்பது மாதிரி. பைனாகுலரை இறக்கினேன், பெரியம்மாவின் முகம் வந்து போனது. ஆனால் ஒருவேளை அது கத்தவே இல்லையோ? கொட்டாவி விட்டிருக்கலாம். தொண்டையில் புழு சிக்கியிருக்கலாம். ஊருக்குப் போகிற காலத்தில் வாயைச் சும்மா திறந்து மூடுமோ என்னவோ. பார், இப்போதுகூட அதன் மேல்தான் பழி போடுகிறேன். என்னால் இனி தனியாக இதைத் தீர்க்க முடியாது. இந்த மரத்தடியில் இன்னும் இரண்டு காது வேண்டும்.

படித்துறையில் அந்தப் பெண் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும். தினமும் பார்க்கிறவள்தான், மாசக்கணக்கில் பார்க்கிறேன், பேசியதில்லை. போய்க் கேட்டால் என்ன. என்னவென்று கேட்பது. உங்களுக்குக் கேட்கிறதா என்று கேட்டால், உங்களுக்குக் கேட்கவில்லையா என்றுதான் யாரும் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் இவ்வளவு பயம். இரண்டு படி இறங்கினேன், செருப்பு வழுக்குகிற மாதிரி நின்றுகொண்டேன், மறுபடி ஏறலாமா என்றுகூட யோசித்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"என்னக்கா, தெனமும் அண்ணாந்து அண்ணாந்து பாக்கிய. கழுத்து சுளுக்கிராது?"

"குருவி பாக்கேன்மா."

"அதான் தெரியுதே. எங்க வீட்டுக்காரருகூட சொல்லுவாரு, அந்த அம்மா மரத்துல என்னத்தையோ தொலைச்சிட்டுத் தேடுதுன்னு."

சிரித்தாள். நானும் சிரித்தேன், சரியான நேரத்தில். சிரித்த வேகத்திலேயே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு இங்க என்னென்ன சத்தம் கேக்குது? குருவி சத்தம்."

விசித்திரமான கேள்விதான். ஆனால் அவள் அதை விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. போர்வையைக் கல்லில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தாள். "காக்கா. கிளி. அந்தாப் பாலத்துக்கிட்ட மீன்கொத்தி. அப்புறம் என்ன, இவன்தான், இந்த ஊசித் தொண்டைக்காரன். விடியக்காலத்துல வந்தா நான் குளிச்சுத் தொவச்சுக் கரையேறுற வரைக்கும் ஓய மாட்டான்."

"எவன்?"

"இந்தா, இப்பக்கூட. ஒங்க தலைக்கு மேலதான் கத்துதான், கேக்கலியா?"

வந்துவிட்டது அந்தக் கேள்வி. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது, அந்த ஒரு நொடிக்குள் ஆமா ஆமா கேட்குது என்கிற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, பெரியம்மா வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை.

"இல்ல," என்றேன். "கேக்கல. அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேக்காமப் போச்சு. அது இருக்கா இல்லையான்னு தெரியாமதான் நிக்கேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அய்யோ பாவம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியேறி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஈரமும் சோப்பு வாசனையும். "பொறுங்க," என்றாள். மேலே பார்த்தாள், பார்த்தாள் என்பதைவிட நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காதைக் கொடுத்தாள். அப்புறம் உதட்டைக் குவித்து, "ச்சியு-வீ," என்றாள். "இப்படி. இந்தா மறுபடி. ச்சியு-வீ."

மனுஷத் தொண்டை. கொஞ்சம் கரகரப்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல்லுக்கு நடுவிலிருந்து வந்த சத்தம், பறவை போடுவதைவிட எத்தனையோ படி கீழே. ஆனால் அதுதான். அந்த இரண்டு சொட்டு, முதல் சொட்டு விழுந்து உடைந்து இரண்டாவதாக மேலே தெறிக்கிற அந்த இடம், அதேதான். ஒன்றரை மாதமாக நான் கேட்காதது. நான் பைனாகுலரைத் தூக்கினேன், கிளை நுனியில் அது இருந்தது, தலையைத் தூக்கியது, தொண்டை நடுங்கியது, அலகு திறந்தது, என் பக்கத்திலிருந்து அவள் "ச்சியு-வீ" என்றாள். அலகு மூடியது. கொஞ்சம் தாண்டி உட்கார்ந்து மறுபடி திறந்தது. "ச்சியு-வீ." ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவளுக்குப் பறவை தெரியவில்லை, எனக்கு அதன் குரல் தெரியவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுக் குருவியை வைத்திருந்தோம். எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்துப் பதினேழில் விட்டுவிட்டேன், பைனாகுலர் கண்ணாடி நனைந்துபோய் ஒன்றும் தெரியவில்லை.

"அழாதிய," என்றாள். "எதுக்கு அழுதிய, இருக்குல்லா, எங்கயும் போகலல்லா."

பெயர் முப்பிடாதி என்றாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக இருக்கிறாளாம். மணி ஏழேகால். செய்யது அலிக்கு ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை, இப்போதே கூப்பிட்டுவிட வேண்டும், வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டுப் பேசலாம் என்றால் வீட்டுக்குப் போவதற்குள் எனக்குப் புத்தி வந்துவிடும். அங்கேயே படியில் உட்கார்ந்து போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"செய்யது, நடுப்பக்கத்த நிறுத்து. குருவி போகல. இன்னைக்கு ஏப்ரல் பத்தொம்பது, காலையில ஏழு மணி, என் கண் முன்னால இருக்கு."

"எப்படிக்கா? நீங்கதான மார்ச் எட்டுன்னு..."

"மார்ச் எட்டுல போனது அது இல்ல. என் காது. எனக்கு அந்தச் சத்தம் இப்ப கேக்கல, செய்யது. போன வருசத்துத் தேதியும் தப்பு. அதுக்கு முந்தின வருசமும் தப்பாத்தான் இருக்கும். நீ போட்டியே ஒரு கோடு, அதுல கடைசி நாலு வருசம் என் காதோட கோடு."

அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. அவன் மூச்சு எனக்குக் கேட்டது. பழைய ஆபரேட்டர் மூச்சை இன்னும் கேட்பாள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அது ஏமாந்தவனின் மூச்சாக இருந்தது. ஒரு மாத வேலை, முழு நடுப்பக்கம், யாரிடமும் இல்லாத கணக்கு. நான் காத்திருந்தேன். கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும் என்று இருந்தது.

"அக்கா," என்றான் கடைசியில். "ரெண்டு பக்கம் வெள்ளையா கெடக்கு. நான் இப்ப என்னத்தப் போடுவேன்?" பிறகு அவனே கொஞ்சம் சிரித்தான். சிரிப்பு நின்றதும் குரல் தணிந்தது. "எத்தன நாளாக்கா இப்படி? யாருகிட்டயாவது சொன்னியளா?"

"உன்கிட்டதான் மொதல்ல சொல்லுதேன். ரெண்டாவதா. மொதல்ல இங்க ஒரு அம்மாகிட்ட சொன்னேன்."

"மாமாகிட்ட?"

"இன்னைக்குச் சொல்லிருவேன். நாளைக்கு டாக்டர்ட்ட போகணும்."

"கேக்குற மெசின் இப்ப சின்னச் சத்தத்துக்கெல்லாம் நல்லா வருதுக்கா. எங்க மாமியாரு வச்சிருக்காங்க, நாங்க மெதுவாப் பேசுறதுகூட விழுது, வீட்ல ஒரு வார்த்த பேச முடியல." அப்புறம் யோசித்து யோசித்துப் பேசினான். "நம்ம குழுவுல பாதிப் பேரு அம்பது தாண்டியாச்சு. பாதிக் கணக்கு காதாலதான் எழுதுதோம். யாராவது ஒருத்தராவது காதச் சோதிச்சிருப்போமா? அந்த வெள்ளப் பக்கத்துல நீங்களே இத எழுதுங்க. என்ன நடந்துச்சோ அப்படியே. போட்டோ இருக்கட்டும், எடுக்க மாட்டேன்."

எழுதுகிறேன் என்றேன். எப்படி எழுதுவது, நான் எதையும் எழுதியவள் இல்லை, தேதியும் நேரமும் எண்ணிக்கையும் தவிர. போனை வைத்த பிறகும் அந்த யோசனையே சுற்றியது. முதல் வரி என்னவாக இருக்கும். இந்த மரத்துக்குக் கீழே நின்று பதினாலு வருஷம் என்று தொடங்கினால் பீற்றிக்கொள்வதாக இருக்கும். நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று தொடங்கலாம், அது நேராக இருக்கும். பயம் போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தேன். போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் காலையில் இருந்த பயத்துக்கு உருவம் இல்லாமல் இருந்தது, இதற்கு ஒரு அளவு இருக்கிறது, ஒரு டாக்டர் இருக்கிறார், மெஷின் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கிற ஒரு மாமியார்கூட இருக்கிறாள். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை எப்படிச் சொல்வது, நாலு வருஷமாகப் பறவைகள் நம்மை விட்டுச் சீக்கிரம் சீக்கிரமாகப் போகின்றன என்று ஒரு துக்கத்தை நான் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தேன். அது பொய். அவை போகவில்லை. இந்த மரத்தில் நான் துக்கப்பட்ட ஒவ்வொரு நாளும் அவை இங்கேயே இருந்து, தின்று, கொழுத்து, கத்திக்கொண்டு இருந்திருக்கின்றன. அது எவ்வளவு பெரிய நல்ல செய்தி, அதை யாராவது எழுத வேண்டாமா.

"எங்கக்கா போகும் இது?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"வடக்க. இமயமலைக்கு. சிலது அதையும் தாண்டி. கட்டவெரல் அளவுதான் இருக்கும்."

"இம்புட்டுக்காணு ஒடம்ப வச்சுக்கிட்டா?" அவள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். "எப்பக் கெளம்பும்?"

"தெரியல. ஒரு வாரம் இருக்கும், பத்து நாள் இருக்கும். இனி அது எனக்குத் தானாத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

"நான் தெனமும்தான வாரேன். ஞாயித்துக்கெழமைதான் போர்வை, மத்த நாளு சீக்கிரமா முடிஞ்சிரும். சொல்லுதேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கி என்னைப் பேசாதே என்றாள். தலையைத் திருப்பினாள், ஆற்றைப் பார்த்து. "எடம் மாறிட்டான். அந்தா, அக்கரைல கத்துதான். ஒண்ணு இல்லக்கா. ரெண்டு."

"ரெண்டா?"

"ஒண்ணு கூப்புடுது, ஒண்ணு பதில் சொல்லுது. வாங்க, முட்டளவு தண்ணிதான்."

போர்வை கல்லிலேயே கிடந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நான் செருப்பைக் கழற்றி, பைனாகுலரைக் கழுத்தில் முடிந்துகொண்டு, நோட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது, மலையிலிருந்து நேராக வருகிற குளிர்ச்சி. கூழாங்கல் உருண்டது. அவள் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். நடு ஆற்றில் நின்று அவள் காது கொடுத்தாள், நானும் அவளோடு நின்றேன், வெயில் அப்போதுதான் அக்கரை மருதங்களின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இப்ப," என்று என் கையை ஒரு தடவை அழுத்தினாள். கொஞ்சம் கழித்து, "அடுத்தவன்," என்று இன்னொரு தடவை. நாங்கள் அந்த அழுத்தல்களை எண்ணிக்கொண்டே மீதி ஆற்றையும் கடந்தோம்.